155ஆம் கட்டையில் விழுந்த ஓட்டக்காரர்: ஒரு வெப்பத்தாக்கு நிகழ்வின் ஆய்வு

கிளிநொச்சியில் ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கும் ஒரு வீதியோட்டத்தின் முதலுதவிக் குழுவுக்கு நான்கு ஆண்டுகளாகப் பொறுப்பாக இருக்கிறேன். தொழிலால் தாதிய உத்தியோகத்தர். மூன்றாவது ஆண்டில், 10 கிலோமீற்றர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் 26 வயது இளைஞர் ஒருவர் நினைவு தடுமாறி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் செய்து வைத்திருந்த ஏற்பாடுகளால் அவர் பிழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீதியால் வந்த ஒரு மீன் வியாபாரியாலும், வீதியோரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு படங்காலும் (தார்ப்பாய்) பிழைத்தார். தற்செயலை நம்பி இன்னொரு முறை ஓட்டம் நடத்தக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

ஓட்டமும் ஓடுபவர்களும்

எங்கள் பக்கத்தில் வீதியில் ஓடுகிற எல்லாமே மரதன்தான். புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் தலையணைச் சமர், முட்டி உடைத்தல், கிடுகு பின்னுதல் எல்லாவற்றுக்கும் முன்பாக விடியற்காலையில் ஒரு மரதன் இருக்கும். அது ஐந்து கிலோமீற்றராக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். 42.195 என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. இந்த ஓட்டமும் அப்படித்தான் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மரதனாகத் தொடங்கி, இப்போது மாவட்டம் தாண்டி ஆட்கள் வரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 10 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் 2 கிலோமீற்றர் என மூன்று பிரிவுகள். வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் முதல் நாள் இரவே வந்து உறவினர் வீடுகளில் தங்குகிறார்கள்.

யார் யார் ஓடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த நிகழ்வைப் புரியவைக்க முடியாது. பாடசாலை அணியில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெறுங்காலோடு முன்வரிசையில் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு 2 கிலோமீற்றரை நடந்தே முடிக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் தம் 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் போய்ப் பதக்கங்களோடு திரும்பிய பிறகு, எங்கள் முதியோர் பிரிவில் நிற்பவர்களின் முகமே மாறிவிட்டது. செயற்கைக் காலோடு ஓடுபவர்களும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். வன்னியில் இது விசேடமாகச் சொல்ல வேண்டிய செய்தியே இல்லை. ஆனால் மருத்துவ ஏற்பாட்டில் இதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வழி மிக எளிது. நகரத்தில் தொடங்கி, ஏ9 வீதியால் தெற்கே இரணைமடுச் சந்திப் பக்கம் போய், திரும்பி அதே வழியில் வர வேண்டும். வீதி அகலமான காப்பெற் வீதி. மேடு பள்ளம் இல்லை. நிழலும் இல்லை. போகும்போது கிழக்கு வெயில் இடது கன்னத்தில் அடிக்கும், வரும்போது வலது கன்னத்தில். வரும் வழியில்தான் 155ஆம் கட்டை. மைல் கற்கள் போய்க் கிலோமீற்றர் கற்கள் வந்த பிறகும் அந்த இடத்துக்குப் பழைய மைல் கணக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் காலை

காலை 6 மணிக்குத் தொடங்குவதாக அறிவித்திருந்தோம். தொடங்கியது 7.25க்கு. பிரதம விருந்தினர் வரப் பிந்திவிட்டார். வந்த பிறகு மங்கள விளக்கு, கொடியேற்றம், வரவேற்புரை, அவருடைய உரை. அவ்வளவு நேரமும் ஓட்டக்காரர்கள் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்றார்கள். உடம்பைச் சூடாக்கும் பயிற்சியை 5.45க்கே முடித்துவிட்டிருந்தார்கள். சிலர் மறுபடியும் செய்தார்கள். வைத்திருந்த தண்ணீரைக் குடித்தும் தலையில் ஊற்றியும் தீர்த்தார்கள். தாமதத்தைத் தடுக்க நான் வாய் திறக்கவில்லை. மேடையில் இருப்பவர்களிடம் போய் “இனித் தாமதித்தால் ஆபத்து” என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா என்று அன்று யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டு நின்றதே பிழை.

பங்குனிக் கடைசியில் எங்கள் வானம் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மாரிக்காற்று நின்றுவிடும், சோளகம் இன்னும் எழும்பியிராது. சூரியன் தெற்கிலிருந்து ஏறி வந்து ஏப்ரல் நடுப்பகுதியில் நேரே எங்கள் உச்சியில் நிற்கும். விடியற்காலையில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழியும், உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வழிந்து கீழே விழுகிற வியர்வையால் பயன் இல்லை. ஆகவே 6 மணியே நல்ல நேரமல்ல. 7.25 என்றால் அந்த ஈரத்தோடு வெயிலும் சேர்ந்துகொண்டது, காப்பெற் வீதியின் சூடும் சேர்ந்துகொண்டது.

அந்த இளைஞர் மேசன் வேலை செய்பவர். முந்தைய ஆண்டு மூன்றாவதாக வந்தவர். முதற்பரிசு ஒரு சைக்கிள். வெயிலில் உழைத்துப் பழகிய உடம்பு என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் மூன்று நாட்களுக்கு முன் அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. பரசிற்றமோல் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். முதல் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஒரு பிளேன்ரீ மட்டும். எங்கள் பதிவுப் படிவம் பெயர், அடையாள அட்டை இலக்கம், ரீசேர்ட் அளவு ஆகியவற்றைக் கேட்டது. கடைசி இரண்டு வாரத்தில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்ததா என்று கேட்கவில்லை. அந்தப் படிவத்தைப் பார்த்து ஒப்பம் வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

8.03. எட்டாவது கிலோமீற்றர் தாண்டிய தண்ணீர்ப் பந்தலில் நான் நின்றேன். மூன்றாவது இடத்தில் வந்த அந்த இளைஞர் முதலில் நேராகத்தான் வந்தார். பிறகு வீதியின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கால்கள் வேகத்தைக் குறைக்கவில்லை, திசை மட்டும் போய்விட்டது. சப்பாத்துக்குள் வியர்வை நிறைந்து ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. நான் குறுக்கே போய்க் கையைப் பிடித்தேன்.

“அக்கா, விடுங்கள். அவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்” என்றார்.

பஸ்ஸும் இல்லை, யாரும் ஏறவும் இல்லை. அடுத்த கணம் முழங்கால் மடிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடங்கள் வீணாகின. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இதுதான். கூடியவர்களில் ஒருவர் வலிப்பு என்று சொல்லி அவருடைய உள்ளங்கையில் திறப்புக்கோர்வையை அழுத்தினார். இன்னொருவர் போத்தலைத் திறந்து வாய்க்குள் தண்ணீர் ஊற்றப் போனார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், தட்டிவிட்டேன். மூன்றாமவர் ஓட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். நான் அக்குளில் வெப்பமானியை வைத்தேன். 38.4 பாகை காட்டியது. தோல் முழுக்க நனைந்து வியர்வை வழிந்தது. வெப்பத்தாக்கு என்றால் தோல் உலர்ந்து சூடாக இருக்கும் என்று நான் படித்திருந்தேன். ஆகவே இது வேறு ஏதோ என்று யோசித்தேன். சீனி குறைந்துவிட்டதா, இதயமா, உண்மையிலேயே வலிப்பா என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் பிழையான அறிவு. வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கும் முதியவருக்கு வரும் வெப்பத்தாக்கில்தான் பெரும்பாலும் தோல் உலர்ந்திருக்கும். ஓடி வந்து விழுபவர் வியர்வையில் குளித்தபடிதான் விழுவார். அக்குள், நெற்றி, காது ஆகிய இடங்களில் வைக்கும் வெப்பமானி நனைந்த தோலின் சூட்டைக் காட்டுமே தவிர, மூளையும் ஈரலும் வெந்துகொண்டிருக்கும் சூட்டைக் காட்டாது. ஓட்டத்தில் விழுந்தவருக்கு நம்பத்தக்க அளவீடு குதவழி வெப்பமானி ஒன்றுதான். அது எங்கள் பெட்டியில் இருக்கவில்லை. ஆனால் அது இல்லாமலேயே நான் முடிவெடுத்திருக்க வேண்டும். கடுமையாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர், சூடான நாளில், பேச்சுத் தடுமாறி விழுந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது வெப்பத்தாக்குத்தான்.

அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் தொண்டர்தான் சொன்னார்: “மிஸ், முதுகு அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது.” அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்த பிறகு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அன்றும் விரைவாகவே புறப்பட்டது. ஆனால் ஓட்டத்துக்காக வீதியின் ஒரு பக்கத்தை நாங்களே மூடியிருந்தோம். மறுபக்கத்தில் பஸ்களும் லொறிகளும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அம்புலன்ஸுக்கு என்று நாங்கள் வழி விட்டிருக்கவில்லை.

ஓட்டோவில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்குக் கூட்டத்தில் கோபம் எழுந்தது. “ஆள் செத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்” என்று ஒரு அண்ணை சத்தம் போட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஆளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுவோம். மற்றப் பல நோய்களுக்கு அது சரி. வெப்பத்தாக்குக்கோ, முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். உடம்பின் உட்சூடு 40 பாகைக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடும். அரை மணி நேரத்துக்குள் 39க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் ஆள் முழுதாகத் திரும்புவார். ஓட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே வெந்துகொண்டே போகிற நிமிடம்.

படங்கும் மீன் ஐஸும்

காலபோக அறுவடை முடிந்த காலம். வீதியோரத்தில் ஒருவர் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார். கேட்டவுடன் நெல்லை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டுப் படங்கை இழுத்து வந்தார். ஒரு வருட உழைப்பில் ஒரு பங்கு மண்ணில் கிடந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளைஞரை அதன் நடுவில் கிடத்தினோம். எட்டுப் பேர் சுற்றிநின்று ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, படங்கு தொட்டிலாயிற்று. தண்ணீர்ப் பந்தலுக்கு நின்ற பவுசரிலிருந்து குழாயைக் கொண்டுவந்து திறந்தோம். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அதுவே பரவாயில்லை, ஆனால் போதாது.

மூடிய வீதியில் மறித்து நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்று முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த மீன் வியாபாரியுடையது. பின்னால் பெரிய றெஜிபோம் பெட்டி. அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஐஸ் போட்டால் கூடாதா, மிஸ்?” பெட்டியைத் திறந்து, பாரையும் சூடையும் வீதியில் வைத்துவிட்டு, உடைத்த ஐஸை இரு கையாலும் அள்ளி அள்ளிப் படங்குக்குள் போட்டார். எட்டுப் பேரும் படங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார்கள். ஐஸ்தண்ணீர் இளைஞரின் நெஞ்சின் மேலும் தொடைகளின் மேலும் புரண்டு புரண்டு ஓடியது. அசைப்பது அவசியம். தண்ணீர் அசையாமல் நின்றால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி ஒரு போர்வை போல நின்றுவிடும். அவருடைய தலையை நான் என் முழங்காலில் தாங்கியிருந்தேன். காதோரத்தில் வெள்ளிச் செதில்கள் ஒட்டியிருந்தன. இன்றும் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் செதில்கள்தான்.

படங்கால் குளிர்விப்பது பிற நாடுகளில் விளையாட்டு மருத்துவர்கள் சோதித்து அங்கீகரித்த முறை என்பதைப் பிறகு படித்தேன். ஐஸ்தொட்டியில் முழுக்க அமிழ்த்தினால் ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். படங்கில் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஏழு நிமிடத்துக்கு ஒரு பாகை. அன்று எனக்கு அது தெரியாது. தொட்டி இல்லாததால் படங்கு, அவ்வளவுதான்.

பதினான்காவது நிமிடத்தில் கண்ணைத் திறந்து “குளிர்கிறது” என்றார். அதைவிட நல்ல வார்த்தையை என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. அம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது பெயரையும் தாயின் பெயரையும் சொன்னார். வைத்தியசாலையில் குதவழி வெப்பம் 39.2. விழுந்தபோது 41ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று வைத்தியர் கணித்தார். மறுநாள் சிறுநீர் சாயம் கூடிய பிளேன்ரீ நிறத்தில் போனது. தசைகள் உடைந்து இரத்தத்தில் கலந்ததன் அடையாளம் அது. சேலைன் ஏற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

பிறர் கற்றதை நாங்கள் கேட்டிருந்தால்

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பால்மத் என்ற கடற்கரை ஊரில் 1973இலிருந்து ஓட்டம் நடக்கிறது. ஓகஸ்ட் வெயிலில் 11 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 1978இல் அங்கே அல்பேர்ட்டோ சலாசார் என்ற 20 வயது ஓட்டக்காரர் முடிவுக்கோட்டில் விழுந்தார். உடம்புச் சூடு 42 பாகை. பாதிரியார் வந்து கடைசி ஆசீர்வாதம் கூடச் செய்துவிட்டார். ஐஸ்தொட்டியில் போட்டுக் காப்பாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் நியூயோர்க் மரதனை வென்றார். அந்த ஊரின் 18 ஆண்டுப் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தார்கள். 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்திருந்தது. அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். காரணம் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஐஸ்தண்ணீர்த் தொட்டிகளோடு ஆட்கள் காத்திருந்ததுதான்.

இந்தச் செய்தியில் இன்னொன்றும் உண்டு. மரதனைவிடக் குறுகிய ஓட்டங்களில்தான் வெப்பத்தாக்கு அதிகம். வேகம் கூடக்கூடத் தசைகள் உண்டாக்கும் சூடு கூடும். ஆகவே கடைசியில் நடந்து வரும் அம்மாவைவிட, பரிசுக்கு ஓடும் மூன்றாவது ஆளையே முதலில் பார்க்க வேண்டும். நாங்கள் ஓட்டத்தின் வாலில்தான் கவனத்தை வைத்திருந்தோம்.

வன்னிக்கே உரிய ஒன்றை வெளிநாட்டுக் கையேடுகளில் நான் காணவில்லை. தீக்காயத் தழும்பும் ஒட்டுத்தோலும் சரியாக வியர்க்காது. காலோ கையோ இழந்தவருக்குச் சூட்டை வெளியேற்றும் தோலின் பரப்பும் குறைவு; செயற்கைக் காலின் உறைக்குள் இருக்கும் தோலும் உலராது. இப்படிப்பட்ட உடம்புகளோடு எங்கள் வீதியில் ஓட வருபவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் மனம் புண்படும் என்று தயங்கினோம். இப்போது கேட்கிறோம். கேட்டதற்காக இதுவரை யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் மட்டும், “என் முதுகு வியர்ப்பதில்லை என்று எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும், கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை” என்றார்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இந்த நிகழ்வுக்குப் பிறகு எல்லோரையும் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கூடாது. 2002இல் பொஸ்ரன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 வீதமானோருக்கு உப்பு குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கிய காரணம். தாகத்துக்குக் குடிக்கட்டும். மோரும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் பந்தலில் இருக்கட்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வழியெல்லாம் நம் ஆட்கள் வைக்கும் பந்தலைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு

தொடக்கம் 5.40 என்று முடிவு செய்தோம். விளக்கும் உரைகளும் பரிசளிப்புக்கு மாற்றப்பட்டன. அதற்கு எதிர்ப்பு வரும் என்று பயந்தேன்; வந்தது. கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “பிள்ளையின் தாய்க்கு உங்களில் யார் பதில் சொல்வீர்கள்?” என்று கேட்ட பிறகு அடங்கியது. படிவத்தில் காய்ச்சல், வயிற்றோட்டம், தழும்பு, வலிநிவாரணி மாத்திரை என நான்கு கேள்விகள் சேர்ந்தன. அம்புலன்ஸுக்கென ஒரு தடத்தைப் பொலிஸார் கயிறு கட்டி ஒதுக்கினார்கள். முடிவுக்கோட்டிலும் 155ஆம் கட்டையிலும் படங்கு, பவுசர், மூன்று றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ், குதவழி வெப்பமானி, மறைப்புத் திரை ஆகியவை தயாராக இருந்தன. தொண்டர்கள் முதல் நாள் மாலை ஒருவரை மாற்றி ஒருவர் படங்கில் படுத்துத் தூக்கிப் பழகினார்கள். அந்த ஆண்டு படங்கு ஒருவருக்குத் தேவைப்பட்டது, ஒரு பாடசாலை மாணவிக்கு. இரண்டாவது நிமிடத்திலேயே அவர் ஐஸுக்குள் இருந்தார். அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றை நாங்கள் இன்னும் சரிசெய்யவில்லை. வெப்பத்தாக்கு வந்தவர் குறைந்தது ஒரு வாரமாவது உடற்பயிற்சியும் வெயிலும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு இரத்தப் பரிசோதனை பார்த்துப் படிப்படியாகத் திரும்ப வேண்டும். எங்கள் மேசன் தம்பி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே சாரத்தில் ஏறிவிட்டார். நாட்கூலி. நான் வீட்டுக்குப் போனபோது அவருடைய தாய் தேநீர் வைத்துக்கொண்டே, “நீங்கள் சொல்வது விளங்குகிறது மகள், ஆனால் அடுப்புக்கு விளங்காது” என்றார். கழகத்தில் சொல்லி இரண்டு வாரக் கூலியைச் சேர்த்துக் கொடுத்தோம். அது ஒருமுறை செய்த உதவி. பதிவுக் கட்டணத்திலிருந்து இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்க வேண்டும் என்று இந்த ஆண்டுக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

ஆறாவது வாரத்தில் அவருடைய இரத்தப் பரிசோதனை வழமைக்குத் திரும்பியது. மறு ஆண்டு அவர் ஓடவில்லை. 155ஆம் கட்டையில் படங்கின் தலைமாட்டு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஆண்டு ஓடுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.